ஜெர்மனி கஸ்டமர் யூஎஸ்டிடில பணம் அனுப்பறேங்கறார், வாங்கலாமுங்களா?

பவானி_தறி:
வணக்கமுங்க. நாங்க பவானி ஜமக்காளத்துல யோகா மேட், தோள் பை எல்லாம் பண்ணி இன்ஸ்டாவுலயும் சொந்த சைட்லயும் விக்கறோம், ஐஇசி (ஏற்றுமதி பண்றதுக்கான நம்பர்), ஜிஎஸ்டி ரெண்டும் இருக்கு, வெளிநாட்டுக்கு போஸ்ட்லதான் போகுது. ஜெர்மனில யோகா ஸ்டுடியோ வச்சிருக்கற ஒருத்தர் முன்னாடியே வாங்கினவர்தான், இப்ப மொத்தமா 40 மேட் கேக்கறார், 72,000 ரூபா பில்லு. கார்டுல வாங்குனா கேட்வே கமிஷன், கரன்சி மாத்தற மார்ஜின்னு போக கைக்கு வர்றதப் பாத்தா வயிறு எரியுது, சார்ஜ்பேக் (வாங்கினவர் கார்டு பேங்க்ல சொல்லி காசத் திரும்ப எடுத்துக்கறது) பயம் வேற. அவரு டிரான்ங்கற பிளாக்செயின் நெட்வொர்க்ல யூஎஸ்டிடி (டாலர் மதிப்புல ஓடற கிரிப்டோ காயின்) அனுப்பறேன், நிமிஷத்துல வந்துருங்கறார். மச்சான் ஒருத்தன் அத பி2பில (ஆளுக்கு ஆள் நேரடியா) வித்து ஜிபேல காசு வாங்கிக்கலாம்னு சொல்றான். என் சந்தேகம் என்னன்னா 30% வரின்னு சொல்றாங்களே அது முழு 72,000க்குமா? அப்புறம் இது சட்டப்படி சரிதானுங்களா?

நெட்வொர்க்_நோண்டி:
வாங்கறதுல டெக்னிக்கலா ஒரு கஷ்டமும் இல்ல ப்ரோ. ஆனா ஸ்கிரீன்ஷாட்ட நம்பி பார்சல் போட்றாதீங்க, டிரான்ஸாக்ஷன் ஹேஷ் (அந்தப் பரிமாற்றத்தோட அடையாளக் கோடு) வாங்கி, டிரான் கணக்கெல்லாம் காட்டற டிரான்ஸ்கேன் சைட்ல போட்டு பாருங்க, அங்கயும் யூஎஸ்டிடின்னு பேரு இருந்தா மட்டும் போதாது, அதே பேர்ல எவன் வேணா டோக்கன் உருவாக்கலாம், யூஎஸ்டிடிய வெளியிடற டெதர் கம்பெனியோட காண்ட்ராக்ட் அட்ரஸ்தானான்னு பாக்கணும். வந்த யூஎஸ்டிடிய வேற எடத்துக்கு மாத்த கட்டணத்துக்கு கொஞ்சம் டிஆர்எக்ஸ் (டிரானோட சொந்த காயின்) வாலட்ல இருக்கணும், இல்லன்னா பணம் கண்ணுக்குத் தெரியும் நகர்த்த முடியாது. அட்ரஸ பழைய ஹிஸ்டரிலேர்ந்து காப்பி பண்ணாதீங்க, முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் உங்களுது மாதிரியே இருக்கற அட்ரஸ்லேர்ந்து சில்லறைக் காசு அனுப்பி ஹிஸ்டரில உக்காந்துக்கறானுங்க. சார்ஜ்பேக் கிடையாதுங்கறது உண்மைதான், தப்பா போனா உங்களுக்கும் திரும்ப வராதுங்கறதும் உண்மை.

கணக்கு_வழக்கு:
வரி விஷயத்த முதல்ல தெளிவு பண்ணிர்றேன், ஏன்னா பாதிப் பேரு இதத் தப்பாதான் புரிஞ்சு வச்சிருக்காங்க. 2022 பட்ஜெட்ல வந்த 30% வரி, கிரிப்டோவ விக்கறப்ப வர்ற லாபத்துக்கு. சரக்குக்கு பதிலா வாங்குனீங்கன்னா அன்னிக்கு அதோட ரூபா மதிப்பு உங்க வியாபார வருமானம், வழக்கமான ஸ்லாப்ல போகும். அதையே வாங்கின விலையா காட்டிட்டு பின்னாடி கூட வித்தா அந்த வித்தியாசத்துக்குதான் 30ம் செஸ்ஸும். கொறஞ்சு வித்தா அந்த நஷ்டத்த எதுலயும் கழிக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச்ல (கிரிப்டோ வாங்கி விக்கற தளம்) விக்கறப்ப 1% டிடிஎஸ் பிடிப்பான், அது வருமான வரி சைட்ல உங்க கணக்குல வந்துரும். அன்னிக்கு ரேட்டுக்கு ஆதாரம் வச்சுக்கலன்னா வாங்கின விலை ஜீரோன்னு எடுத்துட்டு முழுசுக்கும் கேக்க வாய்ப்பு இருக்கு, அப்ப உங்க பயம் நெசமாயிரும்.

ஆனா உங்க கேஸ்ல சிக்கல் வருமான வரியே இல்லீங்க. நீங்க போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் (போஸ்ட்ல ஏற்றுமதி பண்றதுக்கான கஸ்டம்ஸ் பேப்பர்) போட்டுதான அனுப்பறீங்க? அந்தப் பில்லுக்கு நேரா பேங்க் வழியா வெளிநாட்டுப் பணம் வந்தாகணும், வந்தாதான் ஈபிஆர்சி (ஏற்றுமதிப் பணம் வந்துருச்சுங்கற சான்று), வந்தாதான் ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) கேட்டா பதில். யூஎஸ்டிடிய ஆர்பிஐ அந்நியச் செலாவணியா ஏத்துக்கறதில்ல. அதாவது உங்க வாலட்ல முழுப் பணம் இருந்தாலும் கவர்மெண்ட் ரெக்கார்டுல அந்த பில்லு வராத பாக்கியாதான் கெடக்கும். ஜிஎஸ்டி ரீஃபண்ட் எடுத்திருந்தா கெடு முடிஞ்சதும் வட்டியோட திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. 72,000 ரூபாய்க்கு இவ்வளவு தலைவலி தேவையா?

சும்மா_சொன்னேன்:
அது எப்படிங்க, 2025 அக்டோபர்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே கிரிப்டோ ஒரு சொத்துன்னு தீர்ப்பு சொல்லிருச்சே, 2020ல சுப்ரீம் கோர்ட்டு ஆர்பிஐ சர்க்குலரையே ரத்து பண்ணிருச்சு. அப்புறம் என்ன பயம்.

கணக்கு_வழக்கு:
சொத்துதான், யாரு இல்லன்னா. வச்சுக்கலாம், விக்கலாம், எவனாவது அமுக்கினா கேஸ் போடலாம். வாஸிர்எக்ஸ்ங்கற எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆன விவகாரத்துல கஸ்டமர் காயினுக்கு பாதுகாப்பு கேட்டு வந்த கேஸ்தான் அந்த ஹைகோர்ட் கேஸ். 2020 தீர்ப்பு, எக்ஸ்சேஞ்சுக்கு பேங்க் சேவை தரக்கூடாதுன்னு 2018ல போட்ட சர்க்குலர் பத்தினது. ரெண்டுலயும் எக்ஸ்போர்ட் பணத்த காயினா வாங்கலாம்னு எங்கயும் சொல்லல. நெல்லும் சொத்துதான், அதக் குடுத்து ஈபிஆர்சி வாங்க முடியுமா?

சேலம்_செல்வா:
தயவு செஞ்சு மச்சான் பேச்சக் கேட்டு பி2பி பக்கம் போயிறாதீங்கண்ணா. நான் வித்தேன், ரேட்டும் நல்லாத்தான் குடுத்தான், பணமும் உடனே ஏறிருச்சு. ஒரு மாசம் கழிச்சு டீக்கடைல 20 ரூபா ஸ்கேன் பண்றேன் ஃபெயிலாகுது, ஆப்ல பாத்தா பேலன்ஸ் அப்படியே இருக்கு, ஆனா எடுக்க முடியல. பிராஞ்ச்ல போய் கேட்டா சைபர் புகாரோட அக்னாலட்ஜ்மெண்ட் நம்பர எழுதிக் குடுத்து வேற ஸ்டேட் சைபர் கிரைம்ல பேசிக்கோங்கன்றாங்க. எனக்கு பணம் போட்டவன் எங்கயோ யாரையோ ஏமாத்தின காசத்தான் என்கிட்ட தள்ளி விட்டிருக்கான். கடை அக்கவுண்ட்டும் அதேதாங்கறதால நூல்காரருக்குக் கூட குடுக்க முடியாம நின்னேன். விக்கறதுன்னா எஃப்ஐயுல (பணமோசடியக் கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பு) பதிவு பண்ணின எக்ஸ்சேஞ்ச்ல வித்து அவங்க அக்கவுண்ட்லேர்ந்து பேங்குக்கு எடுங்க, முன்பின் தெரியாதவன் கிட்ட வேண்டாம்.

யாழ்_டிசைன்:
எங்கட இலங்கைப் பக்கம் பேபாலில காசு வாங்கேலாமல் கிடந்தது, அதால கனபேர் வெளிநாட்டு கிளையன்ட்டிட்ட யூஎஸ்டிடிதான் கேக்கினம். அண்ணை நீங்கள் சாமான் ஏத்துறீங்கள், கடுதாசி எல்லாம் கஸ்டம்ஸில கிடக்கும். எங்களப்போல லோகோ செய்து மெயிலில அனுப்புற ஆக்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லைத்தானே?

கணக்கு_வழக்கு:
தம்பி, இலங்கைச் சட்டத்த அங்க ஒரு கணக்காளர்கிட்ட கேட்டுக்கோங்க. இந்தியாவுல இருக்கற டிசைனருக்கு இன்னும் மோசம்தான். சர்வீஸ் எக்ஸ்போர்ட்னு ஜிஎஸ்டில காட்டணும்னா பணம் அந்நியச் செலாவணியா, இல்ல ஆர்பிஐ அனுமதிச்ச எடத்துல ரூபாயா வந்திருக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. காயின்ல வாங்கினா எக்ஸ்போர்ட்டுன்னே எடுத்துக்க மாட்டாங்க, 18% கட்டச் சொன்னா ஆச்சரியப்படாதீங்க.

பவானி_தறி:
சரிங்க, யூஎஸ்டிடிய விட்டர்றேன். செல்வா சொன்னதக் கேட்டதும் பி2பி ஆசையும் போயிருச்சு. ஆனா அந்தக் கமிஷனுக்கு என்னதான் வழி? கஸ்டமர் தங்கமான மனுசன், அவருகிட்ட முடியாதுன்னு மட்டும் சொல்ல மனசு வரல.

கணக்கு_வழக்கு:
முடியாதுன்னு ஏன் சொல்றீங்க, ஐபேன் நம்பர் (ஐரோப்பா பேங்க் அக்கவுண்ட் நம்பர்) குடுங்க. ஆர்பிஐ அனுமதியோட நடக்கற பிஏ-சிபி (வெளிநாட்டுப் பணத்த வாங்கித் தர்ற பேமெண்ட் கம்பெனி) கம்பெனிங்க இருக்கு, உங்க பேர்ல யூரோ கலெக்ஷன் அக்கவுண்ட் நம்பர் தருவாங்க. அவருக்கு அது உள்ளூர் செபா (ஐரோப்பாவுக்குள்ள யூரோ அனுப்பற பேங்க் முறை) டிரான்ஸ்ஃபர் மாதிரிதான், அவரு பேங்க் ஆப்லயே போட்டுருவார். உங்களுக்கு ரூபாயா வந்துரும், பணம் வந்ததுக்கான சான்றும் குடுப்பாங்க. ஒரு சரக்குக்கு 25 லட்சம் வரைக்கும் இந்த வழில வாங்கலாம், உங்க மேட்டுக்கு தாராளம். சேரறதுக்கு முன்னாடி கமிஷன் எவ்வளவுன்னு மட்டும் கேக்காம, என்ன ரேட்ல மாத்தறாங்கன்னும் கேளுங்க, நெறைய பேரு அங்கதான் எடுத்துக்கறாங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர்ங்கறதால கார்டு மாதிரி சார்ஜ்பேக் தொல்லையும் கெடையாது.

பவானி_தறி:
ரொம்ப நன்றிங்க. பில்லு யூரோல போடணுமா ரூபால போடணுமா? அவரு பாதி முன்பணம் தர்றேங்கறார்.

கணக்கு_வழக்கு:
யூரோலயே போடுங்க, போஸ்டல் பில்லுலயும் அதே தொகை இருக்கட்டும். முன்பணம் வர்றப்ப பர்பஸ் கோடு (பணம் எதுக்கு வந்ததுன்னு சொல்ற ஆர்பிஐ கோடு) பி0103ன்னு குடுங்க, சரக்கு கெளம்பறதுக்கு முன்னாடி வந்த காசுங்கறதுக்கு அதுதான். மீதி பாதிக்கு இதையே போட்டுறாதீங்க, அது பி0102. ஆப்ல டிராப்டவுன்ல முதல்ல வர்றத தட்டி விட்டுட்டு அப்புறம் மாத்தச் சொல்லி மெயில் போடறவங்கதான் அதிகம்.