நவி மும்பை சீவுட்ஸ் டி.பி.எஸ் ஏரி: மூடணுமா, கடல் தண்ணிய உள்ள விடணுமா?

கழிக்கரையான் (சீவுட்ஸ்):
கொசு, நாத்தம், ஏரிய மண்ணு போட்டு மூடிட்டா நிம்மதின்னு எங்க சொசைட்டி குரூப்ல எழுதறாங்க. தாணே க்ரீக்லேர்ந்து (கடல் உள்ள புகுந்த கழி) தண்ணி வர்ற கொழாய் அடைஞ்சதாலதான் தேங்கிப்போய் நாறுது, கடல் ஏத்தத்துல வந்து வத்தத்துல போயிட்டே இருந்தா கொசு எங்க தங்கும்? பூநாரை (ஃபிளமிங்கோ) வத்தத்துல தாணே க்ரீக் சேத்துல தலைய கவுத்துக்கிட்டு அலகால அலசி அலசி பாசி தின்னும், ஏத்தம் வந்து சேறு முழுகிட்டா நிக்க இடம் தேடி இங்கதான் வருது. அந்த வழிய தொறக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதறேன்.

வாஷி ராஜி:
தம்பி, க்ரீக்ல கிட்டத்தட்ட 17 சதுர கிலோமீட்டர 2015லயே பூநாரை சரணாலயம் ஆக்கியாச்சு, 2022ல ராம்சார் பட்டியல்லயும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்தாச்சு, அது போதாதா? நவி மும்பைல பாதி எடம் மண்ணு கொட்டி எழுப்புனது. மழைத்தண்ணி நிக்கறதுக்குன்னு சிட்கோ (நவி மும்பைய உருவாக்குன அரசு நிறுவனம்) வெட்டுன குளமெல்லாம் சேறு நெறஞ்சு கண்டல் (அலையாத்தி மரம்) மொளச்சு கெடக்கு, கோர்ட் அனுமதி இல்லாம தூர்வார முடியாது. ஜூலைல பெரிய ஏத்தமும் மழையும் சேந்து வந்தா தரைத்தளத்துல இருக்கறவங்க கதி என்ன?

பழவேற்காட்டுப் பையன் (தாராவி):
எங்க ஊர்ல முகத்துவாரம் மணல் மூடிச்சுன்னா எறா குஞ்சு உள்ள வராது, வலை வெறுமனே வரும், ஆளுங்க மம்பட்டி எடுத்துட்டுப் போய் தாங்களே வெட்டி விட்டுருக்காங்க. கழிக்கு உசுரே அந்த வாய்தான். ஒடிசாவுல இருக்கற சிலிகா ஏரிய ராம்சார்காரங்க 1993ல ஆபத்துப் பட்டியல்ல சேத்தாங்க, 2000 செப்டம்பர்ல கடலுக்குப் புதுசா வாய் வெட்டுனாங்க, உப்புத்தண்ணி ஏறி களை கொறஞ்சுது, மீன் பல மடங்கு கூடுச்சு, 2002ல பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க.

வாஷி ராஜி:
சிலிகா ஆயிரம் சதுர கிலோமீட்டர்ப்பா, இது 30 ஏக்கர். அதோட நம்ம க்ரீக்ல வர்றது பாதி சாக்கடை, அத உள்ள விட்டா நாத்தம் போயிடுமா?

கழிக்கரையான்:
சாக்கடைய சுத்திகரிச்சுத்தான் விடணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, அதுக்காக ஏரிய மூடறது எந்த ஊர் நியாயம்? சின்ன ஏரின்னா வேலையும் சின்னதுதான், அடைஞ்ச கொழாய தோண்டுனா போதும். நீங்க பயப்படற வெள்ளம் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும். பூநாரை நவம்பர் வாக்குல வந்து மே வரைக்கும் இருக்கு, மழை புடிக்கறப்ப பெரும்பாலும் கெளம்பிடும். மதகு வெச்சு வெயில் காலத்துல தொறங்க, மழைல பெரிய ஏத்தம் வர்றப்ப மூடுங்க. 2024 மே மாசம் மும்பை காட்கோபர்ல விமானம் மோதி 30க்கு மேல பூநாரை செத்து விழுந்துச்சே அக்கா, தங்கற எடத்த ஒவ்வொண்ணா அடைச்சா அதுங்க ராத்திரில எங்கன்னு பறக்கும்?

வாஷி ராஜி:
பறவை சாகணும்னு நான் சொல்லல. மதகு துருப்பிடிச்சு நின்னா, நடுராத்திரி ஏத்தத்துல வந்து மூடப்போறது யாரு? பொறுப்பு யாரோடதுன்னு மாநகராட்சி எழுத்துல குடுக்கட்டும், உங்க மனுவுல மொத கையெழுத்து நான் போடறேன்.

கழிக்கரையான்:
அந்த ஒரு வரியையும் மனுவுல சேத்துடறேன், ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு வாங்க.