ஜெர்மனியில் முதல் குளிர்காலமா? ஜன்னலிலிருந்து தொடங்குங்கள்

அக்டோபரில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, அக்கா. வாடகை வீடு, எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சுவர். எதிர் வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திரம் எரிகிறது. எங்கள் வீடு மட்டும் ஆளில்லாத வீடு போல இருக்கிறது. அதிகம் செலவில்லாமல் என்ன செய்யலாம்?"

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைப்ஸிக் நகரில் நான் கழித்த முதல் டிசம்பர் இன்னும் நினைவில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. டிசம்பர் நடுவில் இந்தப் பக்கம் சூரியன் காலை 8 மணிக்கு மேல் எழுந்து மாலை 4 மணியை ஒட்டி மறைந்துவிடும். அந்தச் சில மணி நேரமும் பெரும்பாலும் மேகமூட்டம்தான். வெயிலில் வளர்ந்த உடம்பையும் மனதையும் இது உண்மையாகவே வாட்டும். இங்குள்ளவர்கள் நவம்பர் கடைசியில் வீட்டை அலங்கரிக்கத் தொடங்குவதற்கு இந்த இருட்டு பாதிக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊரில் வீட்டின் முகம் வாசல். விடியற்காலையில் தெளித்துக் கோலம் போட்டிருந்தால் வீட்டில் எல்லோரும் நலம் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். இங்கே அடுக்குமாடி வீட்டின் வாசல் மாடிப்படியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கதவு, அவ்வளவுதான். தெருவைப் பார்ப்பது ஜன்னல் ஒன்றே. ஆகவே, ஜெர்மனியில் ஜன்னல்தான் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெற்கே எர்ட்ஸ்கெபிர்க மலைப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் இருக்கின்றன. மெழுகுவர்த்திகள் வரிசையாக ஏற்றிய மரவளைவை அங்கே ஒவ்வொரு ஜன்னலிலும் பார்க்கலாம். ஷ்விப்போகன் என்று பெயர். குளிர்காலத்தில் விடியுமுன் குழிக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு மேலே வந்தவர்களின் ஊர் அது. வீட்டு ஜன்னலில் ஒரு வெளிச்சம் தெரிவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

எப்போது தொடங்குவது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வென்ட் ஞாயிறுகள். முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையிலான ஏதாவது ஒரு நாளில் வரும். அதற்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைவுகூரும் நாள். அது கழியும்வரை விளக்குத் தோரணம் போடாமல் காத்திருப்பவர்கள் பலர். நாமும் காத்திருப்பது நல்லது. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும் என்பதால் தேவையானவற்றைச் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள்.

முதல் வேலையாகக் காகிதப் பை நட்சத்திரம் செய்யச் சொல்வேன். ரொட்டி சுற்றிக்கொண்டு போகும் வெள்ளைக் காகிதப் பைகள் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஒரு கட்டு பெரும்பாலும் இரண்டு யூரோவுக்குள் அடங்கிவிடும். எட்டுப் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பையை வாய் மேலே இருக்கும்படி மேசையில் வையுங்கள். அடிப்பகுதியில் குறுக்காக ஒரு கோடு, நடுவில் அடியிலிருந்து வாய்வரை இன்னொரு கோடு என்று க்ளூ ஸ்டிக்கால் பசை தடவி, அதன்மேல் அடுத்த பையை அதே திசையில் வைத்து அழுத்துங்கள். எட்டும் அப்படியே. கடைசிப் பையின் மேல் பசை இப்போது வேண்டாம்.

காய்ந்ததும் வாய்ப்பக்கத்தைக் கூர்முனையாக வெட்டுங்கள். இரு ஓரங்களிலும் சிறு முக்கோணங்களாக வெட்டினால் விரிக்கும்போது பனித்துகள் போன்ற வேலைப்பாடு வரும். நடுக்கோட்டைத் தொடும் அளவுக்கு ஆழமாக மட்டும் வெட்டிவிடாதீர்கள், நட்சத்திரம் இரண்டாகிவிடும். பிறகு விசிறி விரிப்பது போல் விரித்து, முதல் பையையும் கடைசிப் பையையும் ஒட்டுங்கள். வட்டம் இழுத்துப் பிடித்தது போல் இருந்தால் இன்னொரு பையைச் சேருங்கள். முனையில் ஓட்டை போட்டு நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டால், அருகில் ஒரு சிறிய எல்இடி சரம் போதும், முழு நட்சத்திரமும் ஒளிரும். உள்ளே மெழுகுவர்த்தி எக்காரணம் கொண்டும் வேண்டாம். நான் முதன்முதலில் விரித்தபோது எட்டுச் சாதாரணப் பைகளுக்குள் இப்படியொன்று ஒளிந்திருந்ததா என்று அப்படியே நின்றுவிட்டேன்.

குழந்தைகள் இருந்தால் கண்ணாடியில் ஒட்டும் வண்ண நட்சத்திரத்தையும் செய்யலாம். பட்டம் செய்யும் வழவழப்பான ஒளிபுகும் தாளில் ஒரே அளவில் எட்டுச் சதுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்துப் பிரித்து, ஒரு முனையின் இரு பக்கங்களையும் அந்த நடுமடிப்பு வரை மடித்தால் பட்டம் போன்ற வடிவம் வரும். கூர்முனை வெளியே, செங்கோண மூலை நடுவில். ஒன்றின் ஓரம் அடுத்ததன் நடுமடிப்பைத் தொடும்படி ஒட்டிக்கொண்டே வந்தால் எட்டாவது தாள் வட்டத்தை முடித்துவிடும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் நிறம் அடர்ந்து, பகல் வெளிச்சத்தில் உள்ளிருந்து பார்க்க அவ்வளவு அழகு. கழற்றும்போது வெந்நீர்த் துணியால் துடைத்தால் பசை போய்விடும். வாடகை வீட்டுக் கவலை இல்லை.

இனி என் மனதுக்கு மிகவும் நெருங்கியது. இங்கே கண்ணாடியில் படம் வரைவதற்கென்றே வெள்ளைச் சுண்ணப் பேனா விற்கிறார்கள். ஜெர்மானியர் அதைக்கொண்டு பனி மூடிய வீடுகளையும் மான்களையும் ஜன்னலில் வரைகிறார்கள். நீங்கள் கோலம் போடுங்கள். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடுகிறதே! மாடிப்படியில் அரிசி மாவுக் கோலம் போட்டால் யாராவது வழுக்கி விழலாம், வீட்டுப் பராமரிப்பாளரும் வந்து கேட்பார். ஜன்னலில் போட்டால் உங்கள் இடம், உங்கள் உரிமை. இரு பக்கமும் ஒத்திருக்கும் புள்ளிக் கோலத்தை உள்ளிருந்து வரைந்தாலும் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அப்படியே தெரியும். காலையில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்திருக்கும், அப்போது வரைந்தால் வழிந்துவிடும். துடைத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்றோட்டம் விட்டு, நன்கு உலர்ந்த பிறகு தொடங்குங்கள். பேனாவை ஜன்னலின் மூலையில் சோதித்து, அழிகிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

நான் ஏழு புள்ளிக் கோலம் போட்ட ஆண்டில், கீழ்வீட்டுப் பெண்மணி படியேறி வந்து, "உங்கள் பனி நட்சத்திரத்தை எப்படி வரைந்தீர்கள்?" என்று கேட்டார். அதுவரை எங்களுக்குள் காலை வணக்கம் மட்டுமே. அவருக்கு எழுபது வயதிருக்கும். அன்று அரை மணி நேரம் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்.

மேசைக்கு வருவோம். நான்கு மெழுகுவர்த்தி வைத்த பசுமை வளையத்தை எல்லா வீடுகளிலும் பார்ப்பீர்கள். ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றி, நான்காம் ஞாயிறன்று நான்கும் எரியும். இந்த வழக்கம் 1839ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் தொடங்கியது. ஏழைக் குழந்தைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தாராம். பின்னாளில் வீடுகளுக்குள் வந்தபோது நான்கு மட்டும் நிலைத்துவிட்டது.

பூ தொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வளையம் கை வந்த கலை. கைவினைக் கடையில் வைக்கோல் வளையமும் மெல்லிய கம்பியும் கிடைக்கும். ஊசியிலைக் கொப்புகளை ஒரு சாண் அளவுக்குத் தறித்து, இரண்டு மூன்றாகச் சேர்த்து, முந்தைய கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தலை மறைக்கும்படி வைத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சரம் கட்டும்போது விரல்கள் செய்யும் அதே வேலை. நூலுக்குப் பதில் கம்பி. கிறிஸ்துமஸ் மரம் விற்கும் இடத்தில் கேட்டால் அடியில் தறித்துப்போட்ட கிளைகளைச் சும்மாவே தருவதுண்டு. நார்ட்மன் ஃபிர் கிளையாகக் கேளுங்கள். ஸ்ப்ரூஸ் என்றால் சூடான அறையில் சீக்கிரம் ஊசி உதிர்க்கும். காட்டில் நடக்கும்போது கீழே கிடக்கும் கூம்புகளைச் சில பொறுக்கிக்கொள்ளலாம், மரத்தில் கத்தி வைக்காதீர்கள். இதுகூட வேண்டாம் என்றால், ஒரு தட்டில் நான்கு ஊறுகாய் ஜாடிகளை வைத்து, உள்ளே சிறு விளக்கு, சுற்றிலும் கொஞ்சம் பசுங்கிளை. அதுவும் அட்வென்ட்தான்.

வீட்டுக்கு மணமும் வேண்டுமே. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ஜெர்மானியரின் கிறிஸ்துமஸ் வாசனை பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ. நம் பிரியாணி டப்பாவில் இருப்பதெல்லாம் அதுதான்! சூப்பர் மார்க்கெட்டில் இவற்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்காமல் இந்தியக் கடையில் மொத்தமாக வாங்குங்கள். ஆரஞ்சை அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி, துணியால் ஒற்றி எடுத்து, ஓவனில் 80 முதல் 100 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உலர்த்த வேண்டும். ஈரம் வெளியேற ஓவன் கதவில் மரக்கரண்டியைச் சொருகி லேசாகத் திறந்து வையுங்கள். நடுவில் திருப்பிப் போடுங்கள். மின்கட்டணம் உறுத்தினால், வடாம் காய வைக்கும் பொறுமையோடு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் தாள் விரித்துச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். உலர்ந்த வில்லைகளோடு பட்டைத் துண்டையும் அன்னாசிப்பூவையும் சணல் நூலில் கோத்தால் தோரணம் ஆயிற்று. இளவெயிலில் அந்த வில்லைகள் நிறக்கண்ணாடி போல் மின்னும். முழு ஆரஞ்சில் ஊசியால் துளையிட்டுக் கிராம்பைக் கோல வரிசையில் குத்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

டிசம்பர் 4 புனித பார்பராவின் நாள். அன்று செர்ரிக் கிளை ஒன்றை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும் என்பது இங்கே பழைய வழக்கம். மொட்டுகளுக்கு முதலில் உறைகுளிர் பட்டிருக்க வேண்டும். அதுவரை பனி விழாத ஆண்டென்றால் கிளையை ஒரு இரவு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, சில மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, பிறகு ஜாடியில் வையுங்கள். சில நாட்களுக்கொருமுறை நீரை மாற்றுங்கள், ரேடியேட்டருக்கு வெகு அருகில் வேண்டாம். எனக்கு முதல் கிளையைத் தந்தவர் கோலம் கற்றுக்கொண்ட அதே பெண்மணி. டிசம்பர் 26 காலையில் மூன்று வெள்ளைப் பூக்கள் திறந்திருந்தன. வெளியே பனி, உள்ளே பூ. நான் அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபமும் பெரும்பாலும் இதே வாரங்களில் வருகிறது. என் முதல் ஆண்டில் ஜன்னல் திண்டில் அகல் ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது திரைச்சீலையின் ஓரம் கருகியிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நடுக்கம் வருகிறது. அகலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள், திரையைக் கட்டிவிடுங்கள், அறையை விட்டு நகரும்போது அணைத்துவிடுங்கள். நான்காம் வாரத்தில் காய்ந்துபோன ஊசியிலை வளையம் பற்றினால் நொடியில் கொழுந்துவிட்டு எரியும். ஆகவே அதற்குள் எல்இடி மெழுகுவர்த்திக்கு மாறிவிடுங்கள். எண்ணெய்ப் புகைக்குக் கத்துகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி வைக்க வேண்டாம். சட்டப்படி அது இருந்தாக வேண்டும். தீயணைப்புக்கான எண் 112.

மாடிப்படியில் செருப்பு அலமாரி, மரம், விளக்கு எதுவும் வைக்காதீர்கள். அது அவசரத்தில் தப்பிக்கும் வழி. கதவில் ஒரு சின்ன வளையம் மாட்டினால் பொதுவாக யாரும் எதுவும் சொல்வதில்லை. விட்டுவிட்டு மின்னும் பல வண்ண விளக்குகளைத் தெருப்பக்கம் போடாமல் இளமஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுங்கள், இரவு 10 மணிக்கு அணைத்துவிடுங்கள்.

"நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே, தவறாக நினைப்பார்களா?" என்று இன்னொருவர் கேட்டார். நிச்சயமாக மாட்டார்கள். நான் இருக்கும் கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலானோர் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் அல்லர். ஆனாலும் டிசம்பரில் எங்கள் தெருவில் இருண்ட ஜன்னல் அரிது. நம்பிக்கை உள்ளவர்கள் நம்பிக்கையோடு ஏற்றுங்கள், மற்றவர்கள் வெளிச்சத்துக்காக ஏற்றுங்கள்.

கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தால், ஜனவரி 6ஐ ஒட்டி இங்கே பலர் கழற்றிவிடுகிறார்கள். நகராட்சி எடுத்துச் செல்லும் நாளைப் பார்த்து, ஒரு சரிகைகூட மிச்சமில்லாமல் நீக்கி வெளியே வையுங்கள். காகித நட்சத்திரத்தின் ஒட்டைக் கவனமாகப் பிரித்தால் மறுபடி தட்டையாக மடியும். புத்தகத்துக்குள் வைத்து அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் கோலத்தை மட்டும் நான் அழிப்பதில்லை. அதன் நடுவில் ஒரு பானையும் இரண்டு கரும்பும் வரைந்துவிட்டால் பொங்கலுக்குத் தயார்.