வேலை பார்த்துக்கொண்டே மனிதவள மேம்பாட்டில் முதுநிலை: படித்தவர்களின் அனுபவங்கள்

பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே மனிதவள மேம்பாட்டில் முதுநிலை முடித்தேன். எந்தப் பிரிவில் என்ன குறை என்றாலும் எங்களுக்குத்தான் போன் வரும்: "ஒரு டிரெய்னிங் போட்டுடுங்க." நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம். பயிற்சித் தேவை ஆய்வு என்ற பாடம் அதை மாற்றியது.

அசைன்மென்டுக்கு அவரவர் அலுவலகத்திலிருந்தே ஒரு சிக்கலை எடுக்கச் சொன்னார்கள். எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புகார்களைத் தப்பான வகையில் பதிவு செய்கிறார்கள் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. தாமஸ் கில்பர்ட் 1978-இல் முன்வைத்த முறையை வகுப்பில் படித்திருந்தோம். ஆளிடம் குறை தேடும் முன் அவரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்: தேவையான தகவல் கிடைக்கிறதா, கருவி சரியாக இருக்கிறதா, ஒழுங்காகச் செய்தால் அவருக்கு என்ன பலன்?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊழியர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழைப்பு முடிந்ததும் திரையில் ஒரு நீளப் பட்டியல் விரியும். பாதி வகைகள் ஒன்றுபோலவே இருக்கும், கடைசியில் 'மற்றவை'. அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களுக்கு மதிப்பெண். "எந்த வகைன்னு தெரியும் சார், தேடிட்டிருந்தா நேரம் ஏறிடும்" என்றார் ஒருவர். தெரிந்தவருக்கே மறுபடி வகுப்பெடுத்து என்ன ஆகப்போகிறது? அறிக்கையை மேலாளரிடம் கொடுத்தேன். பட்டியலைச் சுருக்கினார்கள், பதிவுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். பயிற்சி நடக்கவே இல்லை. தப்பான பதிவுகள் நன்றாகவே குறைந்தன.

படிப்பைத் தேடுபவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும் முன், அசைன்மென்டை உங்கள் வேலையிடத்தில் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வேட்டுக்கு வரும்போது அந்த வசதியே சிக்கலாகவும் ஆகும்.

என் தலைப்பு பயிற்சி மதிப்பீடு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகள் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. வகுப்பு முடிவில் ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு முதல் நிலையிலேயே நின்றுவிடுவதுதான் வழக்கம். நான் மூன்றாவதைப் பார்க்க விரும்பினேன். என் குழுவினரையே பேட்டி எடுக்கலாமா என்று கைடிடம் கேட்டேன். "சம்பள உயர்வுக்கு உங்க கையெழுத்தை எதிர்பார்க்கிறவர், பேட்டிக்கு வரமாட்டேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்வார்?" என்றார். நெறிமுறைப் பாடத்தில் படித்த 'சுயசம்மதம்' அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வேறு பிரிவை எடுத்தேன். கற்றதைச் செய்து பார்க்க மேலாளர் விட்டாரா என்பதே பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தது. பால்ட்வினும் ஃபோர்டும் 1988-இலேயே, பயிற்சி வேலையில் பலிப்பதற்குக் கற்பவர், பயிற்சியின் வடிவமைப்பு, வேலைச்சூழல் மூன்றும் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நாமோ நடுவில் இருப்பதற்கு மட்டும்தான் செலவு செய்கிறோம்.

அப்புறம், தரவு எடுப்பதற்கான அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரி என்று வாயால் சொன்ன அதிகாரி மாறிப் போனால் ஆய்வும் அப்படியே நின்றுபோகும்.

*

சேரப்போகிறவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. சம்பளம், ஆளெடுப்பு, தொழிலாளர் சட்டம் ஆகியவைதான் உங்கள் வேலை என்றால் மனிதவள மேலாண்மைப் படிப்பே பொருந்தும். மனிதவள மேம்பாடு என்பது பெரும்பாலும் பெரியவர்கள் கற்கும் விதம், பயிற்சி வடிவமைப்பு, நிறுவன மாற்றம் என்று போகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்த ஒருவர் எங்கள் வகுப்பிலிருந்து பாதியிலேயே போய்விட்டார், நல்ல திறமைசாலி. பணம் கட்டும் முன் சிலபஸை வரிவரியாகப் படியுங்கள்.

புள்ளியியல் தாளை, வேலை உச்சத்தில் இருக்கும் செமஸ்டரில் எடுக்காதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்களில் அந்தத் தாளோடு மல்லுக்கட்டியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.