பாட்டியின் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி அட்டை: பர்மாத் தமிழ்க் குடும்பத்தின் அலைபேசிக் குழுவில் ஒரு மாலை

சிங்கப்பூர் தம்பி: அட்டையின் ஆங்கிலப் பக்கம் முடிந்தது. பார்த்துச் சொல்லுங்கள். "வீ தேங்க் தி ப்ளெதோரா ஆஃப் ரிலேடிவ்ஸ் அண்டு ஃப்ரெண்ட்ஸ் ஹூ ஸ்டுட் பை அஸ்." தமிழ்ப் பக்கம் சித்தப்பா எழுதுகிறார்.

சித்தி: நன்றாக இருக்கிறது கண்ணா 🙏

மோல்மேன் அத்தை: பாட்டி படம் வேறு போடு. இதில் முகம் வாடியிருக்கிறது.

பெரிய அத்தை: தம்பி, ப்ளெதோரா வேண்டாம்.

சிங்கப்பூர் தம்பி: ஏன் அத்தை? நிறையப் பேர் என்றுதானே பொருள்?

பெரிய அத்தை: அகராதியில் அப்படிப் போட்டிருக்கும். ஆனால் அதன் பிறப்பு வேறு. கிரேக்கத்தில் நிறைவு என்று பொருள். பிறகு வைத்தியர்கள் அதை எடுத்து, உடம்பில் இரத்தம் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்க்குப் பெயராக வைத்தார்கள். அந்த "அளவுக்கு மீறி" இன்னும் அதை விட்டுப் போகவில்லை. இப்போது சும்மா நிறைய என்ற பொருளிலும் எழுதுகிறார்கள், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நன்றாக ஆங்கிலம் படித்தவர் கையில் இந்த அட்டை போனால், வந்தவர்கள் தேவைக்கு மேல் என்று படிக்கக்கூடும். அம்மாவைத் தூக்க வந்தவர்களை நாம் அப்படிச் சொல்லலாமா?

சித்தப்பா: கூடாது அக்கா.

அண்ணி: அப்போது ஆல் அண்டு சன்ட்ரி?

பெரிய அத்தை: ஐயோ, அது இன்னும் மோசம். கண்டவர் நின்றவர் எல்லாம் என்பது போல ஒலிக்கும். தனியாக சன்ட்ரி என்றால் பலவகைச் சில்லறைப் பொருள்கள். கணக்குப் புத்தகத்தில் கடைசி வரிக்குச் சரி, மனிதருக்குச் சரியில்லை.

நான்: மிரியட்?

பெரிய அத்தை: அது நல்ல சொல். கிரேக்கர்களுக்கு அது பத்தாயிரம். நாம் கடையில் பர்மியத்தில் ஒரு தௌங் என்கிறோமே, அதே எண். எண்ண முடியாத அளவு என்ற பொருள் அப்புறம் வந்தது. வகைவகையாக என்பதும் அதில் தொனிக்கும். "மிரியட் ஃப்ரெண்ட்ஸ்" என்றும் எழுதலாம், "அ மிரியட் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்" என்றும் எழுதலாம். ஆஃப் வந்தால் தப்பு என்று அடித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அது முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது, எனவே இரண்டும் சரி.

சித்தப்பா: தௌங் என்றதும் நினைவு வருகிறது. சமையல்காரருக்கு இன்னும் 3 தெயின், அதாவது மூன்று லட்சம், பாக்கியாம். முன்பணம் யார் கொடுத்தது?

மோல்மேன் அத்தை: நான் கொடுத்தது எண்ணெய்க்கு மட்டும். முன்பே சொன்னேன்.

சித்தி: எண்ணெய் பாதி நாங்கள் வாங்கினோம்.

மோல்மேன் அத்தை: அந்தப் பாதி எங்கே போனது என்று நான் கேட்கவில்லையே.

அண்ணி: பணத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசுவோம், இங்கே வேண்டாம்.

வியாசர்பாடி பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். அட்டையில் எங்கள் பெயர் வருமா? போன கல்யாணப் பத்திரிகையில் வியாசர்பாடி என்ற ஊரே இல்லை. 1964-இல் எங்கள் அம்மா இந்தியாவுக்குக் கப்பலேறியது உண்மைதான். அதற்காக அக்கா தங்கை உறவு ரங்கூன் துறைமுகத்தோடு முடிந்துவிட்டதா?

சித்தப்பா: அண்ணே, அது அச்சுக்காரர் விட்டுவிட்டார்.

வியாசர்பாடி பெரியப்பா: எழுதிக் கொடுத்ததை அவர் விடுவாரா?

பெரிய அத்தை: அண்ணன் கேட்பது நியாயம். நான் சொல்ல வந்ததும் அதுதான். பெரிய எண்ணிக்கைச் சொல்லை ஒன்று போட்டுவிட்டு யாரையும் குறிப்பிடாமல் போனால், வந்தவர் தன்னை அதில் தேடிக் காணமாட்டார். முதலில் ஒரு சொல், உடனே யார் யார் என்று வர வேண்டும். தெருப் பர்மியப் பெண்கள் மூன்று இரவும் தேநீர் வைத்தார்கள். மூலைக்கடைச் சீனர் நாற்காலி கேட்காமலே அனுப்பினார். தையல்கடை பாய் வெள்ளைத் துணிக்குக் காசு வாங்கவில்லை. பீலிக்கான் கோவிலிலிருந்து வந்தவர்கள், பெகு, தாட்டோன், மோரே, வியாசர்பாடி. இத்தனை விதமான மக்களுக்குத்தான் மிரியட் பொருந்தும்.

சிங்கப்பூர் தம்பி: அர்ரே என்று போட்டால்? அதுவும் பலவிதம்தானே?

பெரிய அத்தை: அர்ரே என்றால் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்தது. ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் கண்ணாடிக்குள் அடுக்கிய ஜேட் வளையல்களுக்குப் பொருந்தும். அன்று நம் வீட்டில் செருப்பு வைக்கக்கூட வரிசை இல்லை.

மோல்மேன் அத்தை: என் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. பழுப்பு நிறம், வெல்வெட் வார்.

சித்தி: இங்கே ஒரு ஜோடி இருக்கிறது. படம் அனுப்புகிறேன்.

மோல்மேன் அத்தை: அது என்னுடையது இல்லை.

நான்: ஹோஸ்ட் நன்றாக இருக்குமா அத்தை? அ ஹோஸ்ட் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்.

பெரிய அத்தை: இருக்கும். எளிமையான சொல். லத்தீனில் பகைவன் என்ற சொல்லிலிருந்து படை என்றாகி, பிறகு பெருங்கூட்டம் என்று வந்தது. இன்று அதைப் படிக்கிற யாருக்கும் பகை தோன்றாது, தயங்காமல் போடலாம். அம்டீன் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது பட்டாளத்துப் பேச்சுவழக்கு, சலித்துப்போன குரலில் வரும். எத்தனை தடவை சொல்வது என்று பிள்ளையைத் திட்டும்போது சரி.

சித்தப்பா: தமிழில் நான் "எண்ணற்ற" என்று எழுதியிருக்கிறேன்.

வியாசர்பாடி பெரியப்பா: "திரளாக வந்த" என்று எழுதுங்கள். நம் ஊர்ப் பத்திரிகையில் அதுதான் வழக்கம்.

சித்தப்பா: திரளாக என்றால் கட்சிக் கூட்டம் போல இருக்கிறது அண்ணே.

பெரிய அத்தை: தம்பி, இப்படி எழுது. "வீ தேங்க் தி மெனி ஃப்ரெண்ட்ஸ், நெய்பர்ஸ் அண்டு ரிலேடிவ்ஸ்". வெறும் மெனி போதும். அதற்குக் கீழே ஊர்ப் பெயர்கள்.

நான்: அப்போது மிரியட் இல்லையா?

பெரிய அத்தை: நீளமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் துக்க அட்டையில் சின்னச் சொல்தான் நிற்கும். மிரியட் வேண்டுமென்றால் உள்ளே இரண்டாவது வரியில் வரட்டும்.

சிங்கப்பூர் தம்பி: சரி அத்தை. ஊர்ப் பெயர் எந்த வரிசையில்?

வியாசர்பாடி பெரியப்பா: வயது வரிசையில்.

மோல்மேன் அத்தை: தூர வரிசையில். நான் இரவுப் பேருந்தில் வந்தேன்.

சித்தி: கரண்ட் போய்விட்டது. போன் பத்து சதவீதம்தான் இருக்கிறது.

சித்தப்பா: அகர வரிசையில் போடலாம், யாருக்கும் வருத்தம் இருக்காது.

வியாசர்பாடி பெரியப்பா: அப்படியானால் வியாசர்பாடி கடைசி.

சிங்கப்பூர் தம்பி: நாளை மதியம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை பிரதி?

சித்தப்பா: 200.

பெரிய அத்தை: 300. தெருவுக்கே நூறு வேண்டும்.

அண்ணி: பர்மியத்தில் ஒரு பக்கம் வேண்டாமா? தேநீர் வைத்தவர்கள் ஆங்கிலமா படிப்பார்கள்?

பெரிய அத்தை: வேண்டும். யார் எழுதுவது?