ஃபிலிம் ரோலோட ஃப்ளைட் ஏறணும், ஐடியா குடுங்க

மக்களே, அடுத்த மாசம் வெளிநாடு போறேன், நடுவுல ஃப்ளைட் வேற மாறணும், கையில கேமரா ஃபிலிம் ரோல் போர்ட்ரா 400 கொஞ்சம், டெல்டா 3200 கொஞ்சம் இருக்கு (நம்பர் ஏற ஏற ஃபிலிம் சென்சிட்டிவ் ஜாஸ்தி). செக்-இன் லக்கேஜ்ல வைக்கவே கூடாது, அந்த எக்ஸ்ரே பவர் ஜாஸ்தி, தெரியும். கேபின்ல பழைய எக்ஸ்ரே மெஷின்னா 400 ஓரளவு தாங்கிடும், ஆனா இப்ப நிறைய ஏர்போர்ட்ல சிடி (CT) ஸ்கேனர் வந்துடுச்சே, அதுல ஒரு தடவை போனாலே ஃபிலிம் ஃபாக் ஆகலாம், அதாவது புகை படிஞ்ச மாதிரி மங்கிடலாம்னு கோடாக்கே சொல்றாங்க. டப்பாவ விட்டு எடுத்து ஜிப்லாக் கவர்ல போட்டு கையால செக் பண்ணச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேன், முடியாதுன்னுட்டா என்னங்க பண்றது? எக்ஸ்ரேயத் தடுக்குற லெட் (ஈயம்) பேக் எல்லாம் வேஸ்ட்டுன்னு தோணுது, உள்ள தெரியலன்னா எப்படியும் திறக்கத்தான் சொல்லுவாங்க. கேமராக்குள்ள பாதி எடுத்த ரோல் இருந்தா எப்படி சமாளிச்சீங்க? எடுத்ததை அங்கயே டெவலப் பண்ணிட்டு வந்தவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்களேன்.