படித்தட்டுக்குக் கீழே போன ஸ்குரூ

எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில், புதன்கிழமை, மாலை

நான்: மாமா, அப்பாவின் கொரோலாவில் பின் லைற் எரியவில்லை. பார்க் லைற்றைப் போட்டவுடன் பியூஸ் போகிறது. புதுசு போட்டாலும் அதே கதை. பிரேக் லைற்றும் சிக்னலும் சரியாக இருக்கு. வெள்ளி இரவு அம்மாவைக் கொழும்புக்கு கிளினிக் கூட்டிப்போக வேண்டும்.

ஏறாவூர் மச்சான்: 15 அம்பியர் பியூஸுக்குப் பதிலாக 30 போட்டுப் பார். எங்கட கடை வான் அப்படித்தான் ஓடுது.

செங்கலடி மாமா: போடாதே மகன். பியூஸ் போவது வயரைக் காப்பாற்றத்தான். 30 போட்டால் பியூஸ் நிற்கும், வயர் எரியும். அதுவும் சீற்றுக்குப் பக்கத்தில், விரிப்புக்குக் கீழே எரியும். மச்சான், நீயும் வானில் இருப்பதை இன்றைக்கே மாற்று.

செங்கலடி மாமா: கிட்டடியில் உள்ளுக்குள் ஏதும் வேலை செய்தீங்களா?

நான்: போன கிழமை ஒரு குஷன் கடையில் விரிப்பு மாற்றினோம். கதவடிப் படித்தட்டுக்கும் அலுமினியத் தகடு அடித்துத் தந்தார்கள்.

செங்கலடி மாமா: கிளிப்பா, ஸ்குரூவா?

நான்: ஸ்குரூ. [படம்]

செங்கலடி மாமா: அப்ப அதுதான். முன்னால் இருந்து டிக்கிக்குப் போகிற வயர்க் கட்டு அந்தத் தகட்டுக்குக் கீழேதான் படுத்துக்கிடக்கும். ஒரு ஸ்குரூ கட்டுக்குள் இறங்கி, பார்க் லைற் வயரைக் காரின் இரும்பு உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கு. பிரேக், சிக்னல் வயர்கள் தப்பிவிட்டன.

செங்கலடி மாமா: பிரித்து எறிவதற்கு முன் ஒன்று செய். பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிரேக் பல்பை, 21 வாட் பல்ப், இரண்டு துண்டு வயரால் கொளுவு. பார்க் லைற்றைப் போடு. பல்ப் முழு வெளிச்சமாக எரிந்தால் ஷோட் இருக்கு, அதாவது வயர் எங்கேயோ இரும்பில் முட்டுது. மறுகா ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றும்போது பல்ப் மங்குதோ அந்த இடம்தான்.

களுவாஞ்சிகுடி மாமி: மனே, கரண்ட் வேலை, கவனம்.

செங்கலடி மாமா: 12 வோல்ட் ஆளை அடிக்காது மாமி. ஆனால் நெருப்பு வைக்கும். அதனால் சோதித்து முடித்ததும் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேணும். 10 ஆம் இலக்க ஸ்பனர் போதும்.

வியாழன், காலை

நான்: முன் கதவில் மூன்றாவது ஸ்குரூ, மாமா. கழற்றியதும் பல்ப் மங்கி, பின் லைற்றும் மெல்லிசாக எரிந்தது. [படம்] பச்சை வயரில் பாதி இழை அறுந்திருக்கு. பக்கத்தில் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வயரில் தோல் மட்டும் உரிந்திருக்கு.

ஏறாவூர் மச்சான்: அப்ப முடிஞ்சுது. ரேப்பைச் சுற்றிப்போட்டு ஓடு.

செங்கலடி மாமா: இல்லை, இனித்தான் வேலை. பாதி இழையில் முழுக் கரண்டும் போனால் அந்த இடம் சுடும். நீங்கள் இருக்கிற கல்லடி கடற்கரை ஊர், காற்றில் உப்பு இருக்கு. திறந்த செம்பு கொஞ்ச நாளிலேயே பச்சை பூத்து இற்றுப்போகும். உங்கட வண்டிக்கு பெற்றோல் பம்ப் டாங்கிக்குள்ளே. அதன் வயரும் பின்னுக்குத்தான் போகுது. இந்த இடம் சுட்டு அந்த வயரும் உருகினால், கொழும்புக்குப் போகிற வழியில் வெலிக்கந்தைக்கும் பொலன்னறுவைக்கும் நடுவில் இரவில் நிற்பீங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த யானை வழியில் நிற்கக் கூடாது.

செங்கலடி மாமா: பச்சையை முழுதாக வெட்டு. இழை கறுத்திருந்தால் செம்பு மினுங்கும் வரைக்கும் பின்னுக்குப் போ. நீளம் காணாவிட்டால் அதே மொத்தத்தில் ஒரு துண்டு சேர், மெல்லிய வயர் வேண்டாம். சூட்டுக்குச் சுருங்கும் ரியூப்பை முதலிலேயே வயரில் ஏற்றி, தூரத் தள்ளி வை. இரண்டு நுனியையும் ஒரு சென்ரிமீற்றர் உரித்து, இழைகளைக் கோத்து முறுக்கு. சொல்டர் அயனை வயருக்குக் கீழே பிடி, ஈயத்தை மேலே வை. வயரின் சூட்டில் ஈயம் தானாக உருகி உள்ளே இறங்க வேணும். அயன் நுனியில் உருக்கி அப்பினால் மேலே மட்டும் ஒட்டும், பிறகு கழன்றுவிடும். ஆறியதும் ரியூப்பை மூட்டுக்கு மேலே இழுத்து, சூடு காட்டிச் சுருக்கு. அசிட் பேஸ்ட் தொடாதே, செம்பைத் தின்னும்.

நான்: வெள்ளை?

செங்கலடி மாமா: ரொயோட்டாவில் அது எர்த், கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வயர். இழை அறவில்லை என்றால் வெட்டாதே, தோலை மட்டும் மூடு. பச்சையின் மூட்டு அந்த இடத்துக்கு நேரே வராமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். வயர்க் கட்டைச் சுற்ற கறுப்புப் பிளாஸ்ரிக் ரேப் வேண்டாம், எங்கட வெயிலுக்குப் பசை கசிந்து வழியும். துணி ரேப் வாங்கு.

அக்கா: தம்பி, மற்ற வயர்களையும் ஒருதரம் தடவிப் பார். 1993 வண்டி, தோல் எல்லாம் காய்ந்திருக்கும்.

வியாழன், இரவு

நான்: எல்லாம் எரியுது, மாமா. 15 பியூஸ் நிற்குது. ஒரு மணித்தியாலம் பார்க் லைற் போட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், மூட்டு சுடவே இல்லை. தகட்டை இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டிவிட்டேன். ஸ்குரூவே இல்லை.

செங்கலடி மாமா: நல்ல வேலை மகன். மேலதிகமாக இரண்டு 15 வாங்கி வைத்துக்கொள். குஷன் கடைக்கும் போய்ச் சொல்லு. சண்டைக்கு இல்லை. இன்னும் எத்தனை பேரின் காரில் அதே நீள ஸ்குரூவை அடித்திருப்பாரோ.

நான்: காலையில் போகிறேன். அந்த ஸ்குரூவையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

ஏறாவூர் மச்சான்: மாமா, ஞாயிறு வானைக் கொண்டுவரவா?

செங்கலடி மாமா: வா. அதுவரைக்கும் 15 போட்டு ஓட்டு. போனால் போகட்டும், 30 போடாதே.