பாடவாரியா செஞ்சா 18/20, கலவையா வந்தா பாதிதான்: நுழைவுத் தேர்வு ஆங்கிலத்துக்கு எப்படிப் பயிற்சி எடுக்குறது?

மாதிரித்தாள் எழுதியது:

வணக்கம். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் 10 வாரம் இருக்கு. ஆங்கிலப் பகுதி முழுக்க நாலு விடையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும் வகை: பிழை கண்டுபிடித்தல், கோடிட்ட இடம், சினானிம் (ஒத்த சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்), வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், ஒரு பத்தி. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.

கிராமர் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சியில் 20க்கு 17, 18 வருது. அதே விதிகள் கலந்து வர்ற மாதிரித் தாளில் 50க்கு 26, 28 தாண்டல. சொற்கள் தினமும் 30 மனப்பாடம் பண்றேன், வாரக் கடைசியில் பாதிக்கு மேல காணோம்.

எங்கே தப்பு? ஒரு நாளைக்கு எத்தனை சொல் சரியா இருக்கும்? தப்பு விடைக்கு மார்க் குறைப்பாங்கன்னா, தெரியாததை விட்டுடலாமா?

---

பிழைதிருத்தி எழுதியது:

விதி தெரியாதது உங்க பிரச்சினை இல்ல. எந்த விதியை எடுக்கணும்னு தெரியாததுதான். 'டென்ஸ்' பாடத்துக்குக் கீழே இருக்கும் 20 கேள்வியும் டென்ஸ் கேள்விதான்னு தலைப்பே சொல்லிடுது. மாதிரித் தாளில் அந்தத் துப்பு இல்ல. அதனால பாடவாரிப் பயிற்சியை இன்னையோட நிறுத்துங்க. ஆறேழு பாடத்திலிருந்து மூணு மூணு கேள்வி பொறுக்கி, கலைச்சுப் போட்டு செய்யுங்க. முதல் வாரம் மார்க் இறங்கும், பயப்பட வேண்டாம்.

பிழை கண்டுபிடிக்கிற கேள்வியை மேலிருந்து கீழே படிச்சு 'காதுக்கு எது உறுத்துது'ன்னு தேடாதீங்க. தினமும் தப்பாவே கேட்டுப் பழகின காது உறுத்தாது. தேடுறதுக்கு ஒரு வரிசை வெச்சுக்கோங்க.

முதல்ல வெர்ப். அதைப் பார்த்து 'யாரு? எது?'ன்னு கேட்டு சப்ஜெக்டைப் பிடிங்க. நடுவில் வர்ற 'ஆஃப்' தொடர், 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' எல்லாத்தையும் பென்சிலால் அடிச்சிடுங்க. "தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் ஆன் தி டேபிள்"னு இருந்தா, மேசை மேல இருக்கிறது லிஸ்ட். அப்போ 'ஆர்' தப்பு, 'இஸ்' சரி. 'தி நம்பர் ஆஃப்' ஒருமை, 'எ நம்பர் ஆஃப்' பன்மை. 'நெய்தர்... நார்' வந்தா வெர்புக்குப் பக்கத்தில் நிக்கிற சப்ஜெக்டுக்கு ஏத்த வெர்ப். 'ஒன் ஆஃப் தி' வந்தா அடுத்த பெயர் பன்மை, ஆனா வெர்ப் ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்". அதுவே "ஹீ இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ"ன்னு நீண்டா, 'ஹூ'வுக்கு அப்புறம் பன்மை. இந்தக் கடைசி இடத்தில் நல்லாத் தெரிஞ்சவங்களே விழுவாங்க.

ரெண்டாவது, காலம் காட்டும் சொல் இருக்கான்னு பாருங்க: யெஸ்டர்டே, சின்ஸ், பை தி டைம். இருந்தா டென்ஸ் அதோட ஒத்துப்போகணும்.

மூணாவது, ஜோடிகள். 'நோ சூனர்' வந்தா 'தேன்', 'ஹார்ட்லி' வந்தா 'வென்'. 'நாட் ஒன்லி', 'பட் ஆல்சோ' ரெண்டுக்கும் பின்னால ஒரே வகைச் சொல் வரணும். "ஹீ நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் பேக் பட் ஆல்சோ ஹிஸ் புக்ஸ்" தப்பு, ஏன்னா ஒரு பக்கம் வெர்ப், மறுபக்கம் பெயர். "ஹீ லாஸ்ட் நாட் ஒன்லி ஹிஸ் பேக் பட் ஆல்சோ ஹிஸ் புக்ஸ்" சரி.

நாலாவது, ஒப்பீடு. "ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங் இஸ் பெட்டர் தேன் ஹிஸ் பிரதர்"னா, கையெழுத்தைத் தம்பியோட ஒப்பிட்டாச்சு! நடுவில் 'தட் ஆஃப்' சேர்த்து 'தேன் தட் ஆஃப் ஹிஸ் பிரதர்'னு வரணும்.

கடைசியா பிரிபோசிஷன். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நாலுக்கும் 'டு'தான், 'தேன்' வராது. 'லுக் ஃபார்வர்ட் டு'க்குப் பின்னால 'மீட்டிங்', 'மீட்' இல்ல. "ஐ யூஸ்ட் டு வாக்" பழைய பழக்கம், "ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்" இப்ப பழகிப்போனது.

அஞ்சும் பார்த்து ஒண்ணும் மாட்டலன்னா 'நோ எரர்' போட்டுட்டு நகருங்க. பிழை இருந்தே ஆகணும்னு குடைஞ்சுக்கிட்டு இருந்தா நேரம்தான் போகும்.

கூடவே ஒரு பிழை நோட்டு. கேள்வியை முழுசா எழுத வேண்டாம். நீங்க போட்ட விடை, சரியான விடை, மாட்டிவிட்ட சொல், காரணம், இந்த நாலு போதும். காரணத்துக்கு நாலே வகை: விதியே தெரியல, தெரியும் ஆனா கண்ணில் படல, சொல்லுக்குப் பொருள் தெரியல, அவசரம். ரெண்டு வாரம் கழிச்சு எண்ணிப் பாருங்க. 'கண்ணில் படல' அதிகமா இருந்தா, இன்னொரு கிராமர் புத்தகம் வாங்கிப் பிரயோஜனம் இல்ல.

---

சொல்வேட்டை எழுதியது:

சொற்கள் பற்றி மட்டும் சொல்கிறேன். 30 என்பது கற்கும் அன்று தாங்கும், திரும்பப் பார்க்கும் நாட்களில் தாங்காது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சொல்லை 1, 3, 7, 15ஆம் நாட்களில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். தினம் 30 புதிய சொல் என்றால் மூன்றாம் வாரத்தில் தினமும் 120 சொல் திரும்பப் பார்க்க வரிசையில் நிற்கும். யாராலும் முடியாது. ஆகவே திரும்பப் பார்ப்பதையே விட்டுவிடுவோம், சொல்லும் போய்விடும். தினம் 10 என்றால் 40, தவறியவற்றையும் சேர்த்து 50. இருபது நிமிடத்தில் முடியும். வாரம் 6 நாள், 8 வாரம் என்றால் 480 சொல். கடைசி 2 வாரம் புதிய சொல்லே வேண்டாம்.

ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதிய அட்டைகளை நான்கு பெட்டியில் வையுங்கள், மேலே சொன்ன நான்கு நாட்களுக்கு ஒவ்வொன்று. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. 'ஆன்கி' போன்ற செயலிகள் இதே வேலையைத் தாமே செய்யும். காகிதத்தில் செய்தாலும் குறையில்லை.

அட்டையின் பின்புறம் வெறும் தமிழ்ப் பொருள் மட்டும் எழுதுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கூட வரும் சொல்லையும் எழுத வேண்டும்: 'கமிட் எ க்ரைம்', 'மேக் எ டிசிஷன்', 'ஹெவி ரெய்ன்'. கோடிட்ட இடக் கேள்விகள் இந்தக் கூட்டணியைத்தான் சோதிக்கின்றன. பிறகு ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுங்கள். 'ஃப்ரூகல்' சிக்கனம், கூட்டல். 'மைசர்லி' கஞ்சத்தனம், கழித்தல். 'ஃபேமஸ்' கூட்டல், 'நொட்டோரியஸ்' கழித்தல். விடைகளின் பொருள் முழுமையாக நினைவில்லாதபோதும் குறி நினைவிருந்தால், வாக்கியம் புகழ்கிறதா இகழ்கிறதா என்று பார்த்தே இரண்டைத் தள்ளிவிட முடியும்.

வேர்ச்சொல் படிப்பது நல்லது: 'பெனி' நன்மை, 'மால்' தீமை, 'க்ரெட்' நம்பிக்கை, 'லொக்' பேச்சு. ஆனால் முன்னொட்டை மட்டும் நம்பி எதிர்ச்சொல் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். 'இன்ஃபேமஸ்' என்றால் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவர். 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுமே தீப்பற்றக்கூடியவைதான்.

குழப்பும் ஜோடிகளை ஒரே அட்டையில் வையுங்கள். 'அட்வெர்ஸ்' பாதகமான, 'அவெர்ஸ்' விருப்பமில்லாத. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' பாரபட்சமற்ற, 'அன்இன்ட்ரஸ்டட்' ஆர்வமற்ற. 'ஸ்டேஷனரி' ஒரே ஒலி, இரண்டு எழுத்துக்கூட்டு: கடைசியில் 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது, 'ஈ' வந்தால் எழுதுபொருள். என்வலப் 'ஈ' எழுத்தில் தொடங்குவதை நினைவில் வைத்தால் போதும்.

இன்னொன்று. ஆன்டனிம் கேள்வியில் நான்கு விடைக்குள் ஒரு சினானிமை ஒளித்து வைப்பார்கள். வேகமாகப் படிக்கும் கண் அதைத்தான் முதலில் தொடும். கேள்வியில் 'ஆன்டனிம்' என்ற சொல்லை வட்டமிட்டுவிட்டு விடைகளைப் பாருங்கள்.

---

மாதிரித்தாள் எழுதியது:

ரொம்ப நன்றி. பழைய தாள்களில் நான் தப்பு விட்டதை அந்த நாலு வகையா பிரிச்சுப் பார்த்தேன். 'கண்ணில் படல'தான் அதிகம். அதிலும் 'ஹேட்', 'சின்ஸ்', ஆர்ட்டிகிள் ('எ', 'அன்', 'தி') மூணும் திரும்பத் திரும்ப வருது. படிக்கும்போது எல்லாம் சரியாத்தான் தோணுது.

---

இருமொழி எழுதியது:

சரியாத் தோணுறதுக்குக் காரணம், தமிழில் அது சரி. மனசுக்குள்ள தமிழில் ஓட்டி ஆங்கிலத்தில் இறக்குறோம். தேர்வில் வர்ற பொறிகள் பலதும் அந்த வழியிலதான் கிடக்கு.

'ஹேட்' எடுத்துக்கோங்க. 'நேத்து அவன் வந்திருந்தான்'னு சாதாரணமா சொல்றோம். அதை அப்படியே "ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே" ஆக்கிடுறோம். ஆங்கிலத்தில் 'ஹேட் கம்' வரணும்னா, அதுக்குப் பின்னால நடந்த இன்னொரு நிகழ்ச்சி வாக்கியத்திலோ பக்கத்திலோ இருக்கணும்: "தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட் பிஃபோர் வி ரீச்ட் தி ஸ்டேஷன்". ஒரே நிகழ்ச்சின்னா "ஹீ கேம் யெஸ்டர்டே" போதும். 'வந்திருக்கான்' வழியா வர்ற "ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே"யும் தப்பு. முடிஞ்சுபோன நேரத்தைக் குறிக்கும் சொல் இருந்தா 'ஹேஸ்', 'ஹேவ்' கிட்டயே வராது.

'சின்ஸ்'. 'மூணு நாளா', 'திங்கள்கிழமையிலேர்ந்து' ரெண்டுக்கும் நாம சின்ஸ் போடுறோம். எண்ணக்கூடிய நீளம்னா 'ஃபார்' (ஃபார் த்ரீ டேஸ்), தொடங்கிய புள்ளின்னா 'சின்ஸ்' (சின்ஸ் மண்டே). ரெண்டிலும் வெர்ப் 'ஹேஸ் பீன்' வகை. "ஹீ இஸ் சிக் ஃபார் த்ரீ டேஸ்"ல 'ஃபார்' சரியா இருக்கிறதால பலரும் தாண்டிப் போயிடுவாங்க, பிழை 'இஸ்'ல இருக்கு.

அதே கதைதான் இதெல்லாம்:
- 'அதைப் பற்றி விவாதிச்சோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபௌட்'. டிஸ்கஸுக்குப் பின்னால 'அபௌட்' கிடையாது.
- 'அவரோட கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித்'. வரவேண்டியது 'மேரீட் டு'.
- 'மழை பெஞ்சாலும்... ஆனா' என்பதால் 'ஆல்தோ... பட்'. ஒண்ணு போதும்.
- 'ஏன் வந்தான்னு தெரியல' என்பதை "ஐ டோன்ட் நோ வொய் டிட் ஹீ கம்" ஆக்குறது. கேள்வி உள்ளே போயிட்டா 'டிட்' விழுந்துடும்: "வொய் ஹீ கேம்".
- 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' மூணுக்கும் 'ஸ்' சேர்க்கிறது. 'அறிவுரைகள்' தமிழில் உண்டு, ஆங்கிலத்தில் 'பீஸஸ் ஆஃப் அட்வைஸ்'.

ஆர்ட்டிகிளுக்குத் தமிழ் எழுத்தே ஒரு கருவி. 'எ', 'அன்' ரெண்டும் ஒலியைப் பார்த்து வருது, எழுத்தைப் பார்த்து இல்ல. சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்க. யுனிவர்சிட்டி, யூரோப்பியன் ரெண்டும் யகரத்தில் தொடங்குது, மெய்யொலி, அதனால 'எ'. அம்ப்ரெல்லா, அவர் (மணி நேரம்), ஆனஸ்ட், எம்எல்ஏ எல்லாம் உயிரில் தொடங்குது, 'அன்'. மாட்டுறது 'ஒன்' மாதிரிச் சொற்கள்தான். எழுதுறது ஒன், ஒலி 'வன்'. அதனால "எ ஒன்-வே ரோட்". 'தி' எங்கே வரும்ங்கிறது நீளமான சமாச்சாரம். முதல் தடவை சொல்லும்போது 'எ', அதையே மறுபடி சொன்னா 'தி', இதை மட்டும் இப்போதைக்குப் பிடிங்க. வாக்கியங்களை வரிசைப்படுத்துற கேள்வியிலும் இதுதான் கைகொடுக்கும். 'எ' இருக்கும் வாக்கியம் முன்னால, 'தி' இருக்கிறது பின்னால. 'ஹீ', 'திஸ்', 'ஹவெவர்'ல தொடங்குறது பெரும்பாலும் முதல் வாக்கியமா இருக்காது.

---

கால்மார்க் எழுதியது:

விட்ட கேள்வி ஒண்ணு: தெரியாததுக்கு விடை போடலாமா?

சரிக்கு 1 மார்க், தப்புக்கு கால் மார்க் கழிப்புன்னா, கண்ணை மூடிக்கிட்டு 16 கேள்விக்குப் போட்டா சராசரியா 4 சரி, 12 தப்பு. 4 கழித்தல் 3, மிச்சம் 1. கழிப்பு மூணில் ஒரு பங்குன்னா 4 கழித்தல் 4, பூஜ்யம். அதனால மூணில் ஒரு பங்கு கழிக்கிற தாளில் எதையும் தள்ள முடியாத கேள்வியைத் தொடாதீங்க. ஒரு விடையையாவது உறுதியாத் தள்ள முடிஞ்சா போடுங்க, கணக்கு உங்க பக்கம் சாயும். ரெண்டைத் தள்ளிட்டா யோசிக்கவே வேண்டாம். உங்க தேர்வில் கழிப்பு எவ்வளவுன்னு அறிவிப்பில் பார்த்துக்கோங்க.

பிழைதிருத்தி சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுறேன். பாடவாரிப் பயிற்சியை முழுசா நிறுத்த வேண்டாம். 'விதியே தெரியல' வகையில் விழுந்த பாடத்துக்கு மட்டும் ஒரு நாள் தனியா 15 கேள்வி செஞ்சிட்டு, மறுநாள் கலவையில் சேருங்க.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: அட்டைகள் 20 நிமிஷம், கலவைக் கேள்வி 20க்கு 15 நிமிஷம், அதைத் திருத்தி நோட்டில் ஏத்த 15, ஒரு பத்தி 10. திருத்துற நேரத்தைக் குறைச்சு கேள்வி எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. வாரம் ஒரு நாள் புதுசா எதுவும் செய்யாம முழுத் தாள் ஒண்ணு, கடிகாரம் வெச்சு. பத்தியில் முதல்ல கேள்விகளை ஒரு தடவை பாருங்க (விடைகளை இல்ல), அப்புறம் பத்தி. கோடிட்ட இடங்கள் நிறைய இருக்கிற பத்தின்னா தலைகீழ்: எதையும் நிரப்பாம முழுசா ஒரு தடவை படிச்சிட்டுத்தான் முதல் கோட்டுக்கு வரணும், ஏன்னா முதல் கோட்டுக்கான துப்பு மூணாவது வரியில் கிடக்கும்.

---

பிழைதிருத்தி எழுதியது:

கால்மார்க் சொன்ன திருத்தம் சரி, ஒத்துக்கிறேன். அந்த 15 கேள்வியைச் செய்யும்போது சரியான விடைக்கு மட்டும் டிக் போட்டுட்டுப் போகாம, மத்த மூணும் ஏன் தப்புன்னு வாயால் சொல்லிப் பாருங்க. மூணில் ஒண்ணுக்குக் காரணம் சொல்ல வரலன்னா அந்தக் கேள்வியும் பிழை நோட்டில் ஏறணும், விடை சரியா இருந்தாலும்.